நீச்சல் குளத்தின் டீசல் ஹீட்டர் கரும்புகை விடுகிறது, என்ன பார்க்க வேண்டும்?

கரும்புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை. பெரும்பாலும் பர்னருக்குக் காற்று போதவில்லை, அல்லது டீசலைத் தூவும் முனையான நாசில் தேய்ந்திருக்கிறது. நாசிலைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை கெட்டுவிடும். ஆண்டுக்கொரு முறை டீசல் ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது. அப்புறம் உள்ளே படிந்த கரியைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். அது போர்வை மாதிரி. சூடு தண்ணீரில் இறங்காமல் புகைபோக்கி வழியே போய்விடும்.

பர்னர் அணைந்தால் ரீசெட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்காதீர்கள். எரியாத டீசல் உள்ளே தேங்கி, பற்றும்போது படாரென்று வெடிக்கலாம். ஒருமுறை அமுக்கியும் எரியாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பலரும் மறப்பது தண்ணீரை. அதன் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 7.2-க்குக் கீழே இறங்கினால் ஹீட்டருக்குள் இருக்கும் செம்புக் குழாய் அரிக்கும். தண்ணீர் ஓடும் வழியில் குளோரின் கருவி ஹீட்டருக்குப் பிறகுதான் வர வேண்டும், முன்னால் அல்ல.