பிக்கப் சேஸியில் பழைய பாணி ஸ்போர்ட்ஸ் கார்: கேள்வி பதில்

1950களின் ஸ்போர்ட்ஸ் கார் வடிவத்தை ஃபைபர் கிளாஸில் வார்த்து, பழைய பிக்கப்பின் ஏணிச் சேஸியில் (இரு நீளச் சட்டங்களைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும் அடிச்சட்டகம்) ஏற்றுவது பற்றி சிங்கப்பூரின் பல பேட்டைகளிலிருந்து வந்த கேள்விகள் இவை; கேட்டவர் பெயருக்குப் பதில் அவர் பேட்டையைப் போட்டிருக்கிறேன். பாதிப் பேர் எஞ்சினைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கார் பார்க்க லட்சணமாக வருமா என்பது வீல்பேஸிலும் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) உட்காரும் உயரத்திலும்தான் இருக்கிறது. அதனால் அந்த இரண்டுக்கும் பதில் நீளம்.

ஈசூன்: அண்ணே, பழைய பிக்கப் லாரியை ஸ்கிராப்புக்குப் போகும் நேரத்தில் வாங்கிச் செய்தால் சிங்கப்பூரிலேயே ஓட்டலாமா? கிளாசிக் திட்டத்தில் வராதா?

வராது தம்பி. கிளாசிக் திட்டம் குறைந்தது 35 வயதான வண்டிக்கு. அதையும் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். நேற்று வார்த்த உடலுக்கு அந்த வயது கிடையாது. லாரி சி பிரிவு சிஓஇ-யில் (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்று) சரக்கு வண்டியாகப் பதிவானது. உடலை மாற்றியதால் அது கார் ஆகிவிடாது. பதிவை ரத்து செய்த வண்டியை ஒரு மாதத்துக்குள் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அங்கீகரித்த ஸ்கிராப் யார்டில் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்றுமதி செய்ய வேண்டும். கழற்றி வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்ய இடமே இல்லை.

தனி வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் நாட்டில் செய்வதே வழி. பிரிட்டனில் ஐவிஏ, நியூசிலாந்தில் எல்விவி என்று அதற்கான முறைகள் உண்டு. முதலில் நாட்டை முடிவு செய்து, அந்த விதிப்புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் ரம்பத்தைத் தொடுங்கள். வெல்டிங்கைப் பெயின்ட் அடிக்கும் முன் காட்டச் சொல்லும் சோதகரிடம், அடித்த பிறகு போனால் எல்லாவற்றையும் சுரண்ட வேண்டி வரும்.

தெம்பனிஸ்: ஜாகுவார் எக்ஸ்கே120 சாயலில் செய்ய ஆசை. டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ பிக்கப்பா, செவ்ரொலே எஸ்-10ஆ?

எக்ஸ்கே120 வீல்பேஸ் 102 அங்குலம், அதாவது 2591 மி.மீ. வீகோ 3085; கிட்டத்தட்ட அரை மீட்டர் வெட்ட வேண்டும். எஸ்-10 ஒற்றை கேபின், குட்டைத் தொட்டி மாடல் 108.3 அங்குலம், 2751 மி.மீ.; 160 மி.மீ. எடுத்தால் போதும். ஆனால் எஸ்-10 இடக்கை ஸ்டியரிங். அதை வலப்பக்கம் கொண்டுவரும் செலவில் இன்னொரு சேஸியே வாங்கலாம்.

டிராக்கையும், அதாவது இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தையும், பாருங்கள். எக்ஸ்கே120-இன் முன் டிராக் 1295 மி.மீ.; வீகோ போன்ற புதிய பிக்கப்புகள் 1500-ஐ ஒட்டி நிற்கும். ஒவ்வொரு பக்கமும் சுமார் 100 மி.மீ. சக்கரம் மட்கார்டுக்கு வெளியே நீட்டும். ரிம் ஆஃப்செட்டை (அச்சில் ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கிறது என்பது) மாற்றி உள்ளே இழுக்கப் பார்த்தால், அந்த அளவு வருவதற்கு வெகு முன்பே ரிம் சஸ்பென்ஷனில் இடிக்கும். என் தேர்வு பழைய, குறுகலான, ஒற்றை கேபின், 2-வீல் டிரைவ் ஹைலக்ஸ். 4-வீல் டிரைவ் வேண்டாம். முன் டிஃபரென்ஷியல் எஞ்சினைக் கீழே இறக்க விடாது.

உட்லண்ட்ஸ்: சேஸியை எங்கே, எப்படி வெட்டுவது?

கியர்பாக்ஸ் குறுக்குச் சட்டத்துக்கும், பின்பக்கம் அச்சுக்கு மேல் வளைந்து ஏறும் இடத்துக்கும் நடுவில், பக்கச் சட்டம் நேராகவும் ஒரே அகல உயரத்தோடும் ஓடும் பகுதியில். வளைவில் கை வைக்காதீர்கள். சுமையின் முறுக்கம் குவிவது அங்கேதான். ஸ்பிரிங் தாங்கிக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

வெட்டும் முன் சேஸியைச் சமதளத்தில் கட்டையேற்றி, வெட்டுக்கு இரு பக்கமும் தடித்த ஆங்கிள் இரும்பால் குறுக்கே இறுக்குங்கள். முன் இடதிலிருந்து பின் வலது, முன் வலதிலிருந்து பின் இடது என்று மூலைவிட்டங்களை அளந்து எழுதி வையுங்கள். இணைத்த பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் கார் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். எந்த அலைன்மென்டும் அதைச் சரிசெய்யாது.

செங்குத்தாக ஒரே கோட்டில் வெட்டி ஒட்டவே கூடாது. வெல்டிங்கின் ஓரம் சேஸியின் பலவீனமான கோடாகி, மேடு பள்ளத்தில் அங்கேதான் விரிசல் தொடங்கும். 45 பாகையில் சாய்த்தோ படிக்கட்டு வடிவிலோ வெட்டுங்கள். உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் உறைத் தகடு. அதை வெளியிலிருந்து 12 மி.மீ. துளைகள் வழியாகவும் வெல்டு செய்யுங்கள். வெளியே, சேஸியின் அதே தடிமனில், முனை கூர்ந்த வைர வடிவத் தகடு. சதுரத் தகடு ஒட்டினால் அதன் நேர் ஓரமே புது விரிசல் கோடாகிவிடும். இந்தத் தகட்டின் வெல்டிங் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளுக்குக் குறுக்கே ஓடக்கூடாது.

மிக் வெல்டிங்கில் (கம்பிச் சுருளை ஊட்டிச் செய்யும் வெல்டிங்) 30, 40 மி.மீ. துண்டுகளாக, இடம் வலம் மாற்றி மாற்றிப் போட்டு, நடுநடுவே ஆற விடுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் சேஸி வில்லாக வளையும். நம் ஊர் ஈரப்பதத்தில் கம்பிச் சுருளை இரவில் மெஷினிலேயே விட்டால் மேலே துரு படிந்து, வெல்டில் ஊசித்துளை வரும்; கழற்றி உறையில் போடுங்கள். தொடங்கும் முன் பேட்டரி வயர், பெட்ரோல் டேங்க் இரண்டும் வண்டியை விட்டு வெளியே. வேலை முடிந்ததும் சேஸியின் உட்புறம் கேவிட்டி வாக்ஸ் (துரு தடுக்கும் மெழுகு) அடியுங்கள். துரு உள்ளிருந்துதான் தின்னும்.

பிடோக்: அண்ணா, முடித்த பல கார்களின் படம் பார்த்தேன். உடல் ஸ்போர்ட்ஸ் கார், நிற்பதோ ஜீப் மாதிரி. ஏன்?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள்மா. பிக்கப்பில் தரைத்தகடு சேஸிக்கு மேலே இருக்கும், சீட் அதற்கும் மேலே. சேஸியின் மேல்முகம் தரையிலிருந்து 480 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கில் 100 இறக்கினாலும் 380-இன் மேல்தான் சீட். அந்த ஓட்டுநரின் தலையை மறைக்க விண்ட்ஸ்கிரீனை உயர்த்துவார்கள், அதற்கேற்ப பானெட்டும் உயரும், அழகு போய்விடும்.

சீட்டை இரு பக்கச் சட்டங்களுக்கும் நடுவில் இறக்குவதுதான் தீர்வு. சேஸியின் அடிமட்டத்துக்குத் தொட்டி போன்ற தரைத்தகடு அமைத்தால், சட்டத்தின் உயரம் 120 என்றால் அந்த 120-ம் லாபம். அதற்காக நடுவில் ஒரு குறுக்குச் சட்டத்தை எடுக்க நேர்ந்தால், சீட்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று புதிதாகப் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சேஸி முறுகி, கதவு ஓரத்தில் ஃபைபர் வெடிக்கும். பின்னால் அச்சுக்கு மேலே சட்டத்தில் அரைவட்டமாகக் குடைந்து, உள்ளே தகடு வைத்து மூடுங்கள். அச்சு மேலே ஏற 75 மி.மீ. இடமாவது வேண்டும்.

ஜூரோங்: பின் லீஃப் ஸ்பிரிங்கில் எத்தனை பட்டை எடுக்கலாம்?

எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள், கணக்குப் போடுங்கள். ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ, வேண்டிய அதிர்வு நொடிக்கு 1.4 தடவை என்றால், ஸ்பிரிங் விறைப்பு மி.மீ.க்கு சுமார் 19 நியூட்டன். சுமை ஏற்றுவதற்கான பட்டைகள் 40 தந்தால் அதிர்வு 2.0 ஆகிவிடும், ஈரச் சாலையில் வளைவில் சிறு மேடு வந்தாலே பின்பக்கம் துள்ளி வழுக்கும். உடலை ஏற்றி, எடை போட்டுவிட்டு, அப்புறம் பட்டையை எடுங்கள். அடிப்பட்டையையும், மிக நீளமான பிரதான பட்டையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரதான பட்டைதான் அச்சையே பிடித்து வைத்திருக்கிறது.

செங்காங்: பிரேக் அப்படியே இருக்கட்டுமா?

பின் அச்சுக்கு மேலே கம்பியோடு ஒரு வால்வு இருக்கிறதா பாருங்கள். சுமை ஏறி உடல் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவது அதன் வேலை. நீங்கள் உடலைத் தாழ்த்தியதும், வண்டியில் ஒரு டன் ஏறிவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். காலியான இலேசான காரில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், கார் சுழலும். இதை நிறைய பேர் கவனிப்பதே இல்லை, எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இது. கம்பியைப் புது உயரத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். அல்லது கையால் திருகும் வால்வு போட்டு, முன் சக்கரம் முதலில் பூட்டும் வரை வெற்று மைதானத்தில் சரிசெய்யுங்கள்.

சுவா சூ காங்: எந்த எஞ்சின்?

அதே பிக்கப்பில் வந்தது, அதன் கியர்பாக்ஸ், வயரிங் எல்லாவற்றோடும். சேஸியைக் குறைத்ததால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) குறைத்து பேலன்ஸ் செய்ய வேண்டும். அதன் நழுவும் முனை, முழுதாக உள்ளே தள்ளிய நிலையிலிருந்து 20, 25 மி.மீ. வெளியே நிற்கட்டும்.

பிடோக்: ரெசின் கலந்த பத்து நிமிடத்தில் இறுகிவிடுகிறது அண்ணா.

32 டிகிரி வெயிலில் 2 சதவீதம் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) போட்டால் அப்படித்தான். 1 சதவீதத்துக்கு வாருங்கள், அதற்குக் கீழே போகாதீர்கள், உள்ளே முழுதாக இறுகாது. ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்காமல், அகலமான தட்டில் ஊற்றிப் பயன்படுத்துங்கள். ஆழமான வாளியில் சூடு தேங்கி இன்னும் வேகமாக இறுகும். 450 கிராம் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ.; மூன்று அடுக்கு, கதவு ஓரத்தில் ஐந்து. கேட்டலிஸ்டையும் கோபால்ட் முடுக்கியையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். முடுக்கியை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட்.