காகம் பறக்கும் வயல் படம் வீட்டில் இருக்கலாமா?

கேள்வி: வான்கோவின் 'காகங்களுடன் கோதுமை வயல்' ஓவிய நகலைக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். அது அவர் சாவதற்கு முன் வரைந்த கடைசிப் படம், காகம் சாவுக்கு அடையாளம், கழற்றிவிடு என்கிறார் நாத்தனார்.
– வாசகி, கடலூர்

பதில்: கழற்ற வேண்டாம் அம்மா. அது கடைசிப் படமே இல்லை. 1890 ஜூலையில் பிரான்சின் ஓவேர் கிராமத்தில் வரைந்தார்; அதன் பிறகும் வரைந்தார். அந்நாளைய வயல் படங்களில் சோகத்தையும் தனிமையையும் காட்ட முயன்றதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார், உண்மைதான். ஆனால் கிராமப்புறம் தரும் ஆரோக்கியத்தையும் தெம்பையும் அதே கடிதத்தில் சொல்கிறார். அந்தப் பாதியை யாரும் படிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

சரி, படத்தைப் பாருங்கள். உயரத்தைப் போல இரு மடங்கு அகலம். கண் இடமும் வலமும் அலைந்தே தீர வேண்டும். மூன்று பாதைகள். நடுப்பாதை கோதுமைக்குள் புகுந்து மறைந்துவிடுகிறது. காகங்கள் நம்மை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா? எவ்வளவு நேரம் பார்த்தாலும் தீர்மானிக்க முடியாது. எனக்குப் பிடித்த இடம் அதுதான். அப்புறம் அந்தக் கருநீல வானம்: அது இல்லாவிட்டால் மஞ்சள் இப்படி எரியாது. தை மாதத்தில் மேகம் கறுக்கும்போது பாகூர்ப் பக்கம் முற்றிய நெல்லைப் பாருங்கள், புரியும்.

காகத்துக்குச் சோறு வைத்த பிறகே சாப்பிடுகிற வீடுகள் நம்முடையவை. நாத்தனாரிடம் அதையும் சொல்லுங்கள். நேர் வெயில் மட்டும் படத்தின் மேல் படக் கூடாது, நிறம் வெளுத்துவிடும்.