நியூயார்க் போலீஸ் கறுப்பின இளைஞர்களை அதிகம் சோதித்ததை ஏன் இனப் பாகுபாடு என்கிறார்கள்?

ஒரே வயது, ஒரே நடத்தை. ஆனால் நிறத்தைப் பார்த்து ஒருவனை மட்டும் சந்தேகிப்பதுதான் இனப் பாகுபாடு.

நியூயார்க்கில் தெருவில் நிறுத்தி, உடலைத் தடவிச் சோதிக்கும் முறை உச்சத்தில் இருந்த 2011இல் சுமார் 6,85,000 முறை ஆட்களை நிறுத்தினார்கள். பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். மொத்தத்தில் கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது பேர் மீது கைதும் இல்லை, அபராதமும் இல்லை. பள்ளி விட்டு வரும் பையன் சுவரில் கை வைத்து நிற்பான், தெருவே வேடிக்கை பார்க்கும். அப்புறம், 'சரி, போ.' அந்த அவமானத்தை யார் துடைப்பது? 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம், இது நடத்தப்பட்ட விதம் அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது.

காரணம் தனிப்பட்ட வெறுப்பு மட்டுமல்ல. எண்ணிக்கை காட்டச் சொல்லும் மேலிடத்து நெருக்கடியும் உண்டு. கறுப்பினச் சிறுவனை வயதுக்கு மீறிப் பெரியவனாகப் பார்க்கும் கண்ணும் உண்டு.

ரயிலில் பரிசோதகர் ஒரே பெட்டியில் மட்டும் ஏறினால், டிக்கெட் இல்லாதவர்கள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் என்று கணக்கு வரும். கறுப்பினத்தவரையே அதிகம் சோதித்தால், குற்றமும் அவர்களிடம்தான் என்று தோன்றும். அதே கதைதான்.

'அவர்களிடம்தானே ஆயுதம் இருக்கிறது' என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வழக்கில் வந்த கணக்குப்படி, நிறுத்தப்பட்டவர்களில் ஆயுதம் சிக்கிய விகிதம் வெள்ளையரிடம்தான் சற்று அதிகம்.