வாரியத்தின் சொத்துக் கணக்கு உங்கள் வழக்குக்கு உதவாது

கேள்வி: கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காக என் 40 சென்ட் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருக்கும் நீரேற்று நிலைய இடத்துக்குக் குடிநீர் வாரியம் தன் சொத்துக் கணக்கில் மூன்று மடங்கு மதிப்பு போட்டிருக்கிறது. முன்பு நிலம் கொடுத்தவர்களுக்கும் கூடுதலாகக் கிடைத்தது. அதிகாரிகள் மரியாதை இல்லாமல் பேசினார்கள். இழப்பீடு இவ்வளவு என்று கலெக்டர் அவார்டு (தீர்ப்பு உத்தரவு) சொன்ன அன்று நேரில் இருந்தேன், பணமும் போன மாதம் வங்கிக்கு வந்துவிட்டது. இப்போது குழாய் பதிக்க மீதி 6 சென்டையும் விலை பேசிக் கேட்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: அதிகாரிகள் எப்படிப் பேசினார்கள் என்பதை விட்டுவிடுங்கள். அதனால் ஒரு ரூபாய்கூட ஏறாது. சொத்துக் கணக்கும் அப்படித்தான். நீரேற்று நிலையம் சந்தையில் விலைக்கு வருகிற பொருள் அல்ல. இன்று புதிதாகக் கட்ட என்ன செலவாகும் என்று பார்த்து, தேய்மானம் கழித்து ஒரு தொகை எழுதுவார்கள். கட்டடம், மோட்டார், பம்பு எல்லாம் அதில் அடங்கும். உங்கள் வெறும் நிலத்துக்கு அது அளவுகோல் ஆகாது. முன்பு மற்றவர்களுக்குக் கொடுத்த இழப்பீட்டையும் காட்ட முடியாது. 2013 நில எடுப்புச் சட்டத்தின் 26வது பிரிவே, மாவட்டத்தில் முன்பு இந்தச் சட்டப்படி கொடுத்த தொகையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். பணம் வாங்கியபோது 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதிக் கொடுத்தீர்களா?

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். தாலுகா அலுவலகத்தில் நீட்டுகிற அச்சடித்த படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆட்சேபம் சொல்லாமல் பணம் வாங்கியவர் கூடுதல் தொகை கேட்டு 64வது பிரிவில் மனுப் போட முடியாது என்று 77வது பிரிவு சொல்கிறது. அப்புறம் பக்கத்து நிலம் நல்ல விலைக்குப் போனதைக் காட்டும் பத்திரம் கையில் இருந்தும் பயனில்லை. அந்த ரசீதின் நகலை முதலில் வாங்குங்கள். அதில் ஆட்சேபம் இல்லையென்றால், பணத்துக்கு முன்பு விலை போதாது என்று எழுதிக் கொடுத்த கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வாதாட இடமுண்டு. வாயால் மட்டும் சொன்னதை நிரூபிப்பது கடினம்.

அவார்டு சொன்னபோது நேரில் இருந்தவருக்கு, இந்த மனுப் போட அவார்டு தேதியிலிருந்து 6 வாரம்தான் கெடு. அது தாண்டியிருந்தால், தகுந்த காரணம் காட்டினால் மேலும் ஓராண்டுக்குள் கலெக்டர் மனுவை ஏற்கலாம். 'வக்கீல் கிடைக்கவில்லை' என்பதெல்லாம் தகுந்த காரணமா என்று நீங்களே யோசியுங்கள்.

மனு ஏற்கப்பட்டாலும், கூடுதல் விலையைக் காட்டப் பத்திரம் வேண்டும். நிலத்தை எடுக்கப் போவதாகச் சொல்லும் 11வது பிரிவு அறிவிப்புக்கு முந்தைய 3 ஆண்டில், அக்கம்பக்கத்தில் இதே வகை நிலத்துக்குப் பதிவான கிரயப் பத்திரங்களைப் பார்ப்பார்கள். அதிலும் அதிக விலை காட்டிய பாதியின் சராசரி. நம் ஊரில் கைமாறுகிற பணம் ஒன்று, பத்திரத்தில் எழுதுவது அரசின் வழிகாட்டி மதிப்பு. அப்படிப் பதிந்த பத்திரங்கள் உங்களுக்கு எதிராகவே வரும். நீங்களே அந்தக் காலத்தில் குறைத்துப் பதிந்து வாங்கியிருந்தால், எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான்.

அந்த 6 சென்டுக்கு விலை பேசி முடித்துவிடுங்கள். இவ்வளவு சின்னத் துண்டுக்காக வருடக்கணக்கில் அலைய நான் சொல்ல மாட்டேன். பேசி எழுதிக்கொடுப்பது கிரயம், அதற்குப் பிறகு 64வது பிரிவு கிடையாது. அதனால் கிணறு, மரம், வேலி எல்லாவற்றின் விலையும் பத்திரத்தில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.