மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்குத் தினமும் குறிப்பு எழுதுவதால் உண்மையில் பயன் உண்டா? நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்?

பயன் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் எழுதச் சொல்லும் வழக்கமான முறையில் எழுதினால் யாராக இருந்தாலும் ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்கள். மூன்று வேளையும் வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க், சாப்பிட்டது எல்லாம், தூக்கம், மனநிலை... வலிக்கிற கையால் இவ்வளவையும் யார் எழுதுவது?

நான் இருப்பது ரங்கூனில். இந்த நோயோடு பல வருடமாகக் குடித்தனம். என் குறிப்பு முழுவதும் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரின் கட்டங்களுக்குள்தான். மகள் ஃபோனில் ஏதோ செயலி போட்டுக் கொடுத்தாள். இங்கே கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. இருக்கிற சார்ஜுக்கு வேறு வேலை நிறைய. காலண்டர் கட்டம் சின்னது. அதற்குமேல் எழுத இடமில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்ததே.

முதலில் எழுதுவது காலை விறைப்பு, நிமிடக் கணக்கில். தேய்மானத்தால் வரும் மூட்டுவலியில் இந்த விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் தளர்ந்துவிடும். நம் நோய் கிளம்பியிருக்கும்போது ஒரு மணி நேரத்தையும் தாண்டும். அதனால் "ரொம்ப வலி டாக்டர்" என்பதைவிட "இந்த வாரம் 90 நிமிடம், போன மாதம் 30" என்பது அவர் காதில் உடனே ஏறும். கண் விழித்த நேரத்துக்கும், லுங்கியை யார் உதவியும் இல்லாமல் இடுப்பில் இறுக்கிச் செருக முடிந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி, அதுதான் என் கணக்கு.

அடுத்தது கயிறு. எங்கள் மாதிரிப் பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, படிகள் செங்குத்து. மாடியில் இருப்பவர்கள் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்க விட்டிருப்போம், நுனியில் கிளிப்போடு. பேப்பர்காரரும் மொய்ங்கா (மீன் சாற்றில் போடும் அரிசி நூடுல்ஸ்) விற்கிற அம்மாவும் பையை அதில் மாட்டிவிட்டுக் குரல் கொடுப்பார்கள், நாம் மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். காலையில் அந்தப் பையை நான் இழுத்தேனா, என் வீட்டுக்காரர் (கணவர்) இழுத்தாரா? கட்டத்தில் ஒரே ஒரு எழுத்து, நான் என்றால் "நா", அவர் என்றால் "அ". வலிக்கு மார்க் போடச் சொன்னால் முந்தைய நாள் யாரோடு சண்டை போட்டோம் என்பதைப் பொறுத்துக்கூட அது மாறும். கயிற்றை இழுத்தேனா இல்லையா என்பதில் பேச்சுக்கு இடமில்லை. உங்கள் வீட்டில் கயிறு இருக்காது. ஜாக்கெட் கொக்கி, தண்ணீர் பாட்டில் மூடி, மாவு கரைப்பது என்று தினமும் செய்தே ஆகவேண்டிய ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை போடும் நாளில் ஒரு டிக். இந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் என்று நினைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பர்மாவில் வளர்ந்தவர்கள் பிறந்த கிழமையை மறக்க மாட்டார்கள். ஷ்வேடகோன் பகோடாவில் கிழமைக்கு ஒரு மூலை உண்டு, புதனுக்கு மட்டும் முற்பகல், பிற்பகல் என்று இரண்டு. நான் வியாழக்கிழமைக்காரி, அதனால் மாத்திரையும் வியாழன். வெள்ளிக்கிழமை அசதியும் குமட்டலும் வந்தால் அது மருந்தின் வேலையா, நோயின் வேலையா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முந்தின கட்டத்தில் டிக் இருக்கிறது.

இதைவிட முக்கியம், மருத்துவர் எழுதித் தராத மாத்திரைகள். இங்கே மருந்துக்கடையில் வலி என்றால் நாலைந்து மாத்திரையைக் கலந்து சின்னப் பொட்டலமாகக் கொடுப்பார்கள். உள்ளே என்ன என்று பெயர் இருக்காது, ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். அதைச் சாப்பிட்டால் இரண்டு நாள் கயிறு லேசாகத்தான் வரும். மருத்துவர் அதைப் பார்த்து, "மெத்தோட்ரெக்ஸேட் நன்றாக வேலை செய்கிறது" என்று முடிவு கட்டினால் என்ன ஆகும்? திட்டு விழுந்தாலும் பரவாயில்லை, பொட்டலம் சாப்பிட்ட நாளில் "பொ" என்று போட்டுவிடுங்கள். வாய்ப்புண்ணும் அப்படித்தான். வெற்றிலை போடுகிறவர்கள் சுண்ணாம்பு சுட்டது என்று விட்டுவிடுவார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டாலும் வாய்ப்புண் வரும், அதனால் எழுதத்தான் வேண்டும்.

சாப்பாட்டை எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாமியார் நாப்பியை (புளிக்கவைத்த மீன், இறால் விழுது) நிறுத்து என்றார், பக்கத்து வீட்டு அக்கா புளியை, இன்னொருவர் கத்தரிக்காயை. எல்லாவற்றையும் நிறுத்தினால் மிஞ்சுவது வெறும் சோறு. மழை விஷயத்தில் மட்டும் காலண்டர் ஒன்று காட்டியது. மே மாதம் நடுவில் தொடங்கி அக்டோபர் வரை இங்கே மழைதான். மழை பெய்தால் மூட்டு வலிக்கும் என்று ஊரே சொல்லும். என் கட்டங்களில் மழை நாளுக்கும் "அ" எழுத்துக்கும் பெரிய உறவு தெரியவில்லை. துணி துவைத்துப் பிழிந்த நாளுக்கு அடுத்த காலைதான் தொடர்ந்து மோசம். ஈரத்தில் துணி காயாது, அதனால் மழைக்காலத்தில் அழுத்திப் பிழிகிறோம். இப்போது பிழிவது வீட்டுக்காரர் வேலை. இது என் கைக்கு. உங்களுக்கு வேறு ஏதாவது தெரியலாம்.

மருத்துவரிடம் காலண்டரை நீட்டாதீர்கள், அவருக்கு நேரம் இருக்காது. முந்தைய இரவு எண்ணி ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள்: விறைப்பு பெரும்பாலும் எத்தனை நிமிடம், எத்தனை "அ", எத்தனை "பொ", தவறிய டிக். நம் நினைவு மாதத்தைச் சராசரி போடாது. மிக மோசமான நாளையும் கடைசி இரண்டு நாளையும்தான் பிடித்து வைத்திருக்கும். மெத்தோட்ரெக்ஸேட் பிடிக்க 6 முதல் 12 வாரம் ஆகும் என்பதால், தொடக்க மாதங்களில் இந்தச் சீட்டு இல்லாவிட்டால் முன்னேற்றம் உங்களுக்கே தெரியாமல் போகலாம்.

கால் வலித்தால் தனியாக எழுதுங்கள். மருத்துவர்கள் நோயின் வேகத்தைக் கணக்கிட வழக்கமாக எண்ணும் 28 மூட்டுகளில் தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல், முழங்கால் உண்டு. கணுக்காலும் பாதமும் கிடையாது. செருப்பைக் கழற்றிக் காட்டினால்தான் பார்ப்பார்கள்.

நோய் அடங்கி மாதக்கணக்கில் "நா" மட்டுமே வந்தால் தினமும் எழுதுவதை நிறுத்துங்கள். நான் அப்படிப்பட்ட காலங்களில் வியாழன் டிக் மட்டும் போடுகிறேன். தினமும் உடம்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் இல்லாத வலியும் எட்டிப் பார்க்கும்.

ஒன்று மட்டும்: காய்ச்சல், மூச்சுத் திணறலோடு வறட்டு இருமல், அல்லது ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து சுடுவது, இவை காலண்டருக்கானவை அல்ல. அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.