கடவுள் பயம் போதுமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் தாத்தா காலத்தில் கடவுளுக்குப் பயந்தார்கள், ஊர் ஒழுங்காக இருந்தது. இப்போது பள்ளிக்கூடத்துப் பையன் அரிவாள் தூக்குகிறான். நீங்களோ மதம் சொல்லும் ஒழுக்கத்தால் சமூகத்துக்குக் கெடுதல்தான் என்கிற மாதிரி எழுதி வருகிறீர்கள். மதத்தையும் தள்ளிவிட்டால் மனிதனை எது கட்டிப்போடும்? பள்ளிகளில் மதப் பாடம் வைத்தால் எல்லாம் சரியாகிவிடாதா?
- வாசகர், வீரவநல்லூர்

பதில்: அண்ணாச்சி, உங்கள் கவலை எனக்கும் உண்டு. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பள்ளிப் பையன்கள் சாதி வெறியில், கூடப் படிக்கிற தலித் பையனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தச் செய்தியை இன்னும் என்னால் சாதாரணமாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் இந்தக் காலத்துப் பையன்களுக்குக் கடவுள் பயம் போய்விட்டது என்கிறீர்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் பக்கத்துப் பள்ளி வாசலில் காலையில் போய் நின்று பாருங்கள். நெற்றியில் திருநீறு, கையில் கோவில் கயிறு. அந்தக் கயிற்றின் நிறம் சாதிக்குச் சாதி வேறு. நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் இந்த வண்ணக் கயிறுகளை நிறுத்தச் சொன்னது. உடனே மத விஷயத்தில் தலையிடுகிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. பக்திக்கு ஒரு குறைவும் இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரனும் மனுசப்பிள்ளைதான் என்பதை மட்டும் அந்தப் பக்தி சொல்லிக் கொடுக்கவில்லை.

தாத்தா காலம் என்றீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சேரன்மகாதேவி இருக்கிறது. 1920-களில் வ.வே.சு. ஐயர் அங்கே ஒரு குருகுலம் நடத்தினார். தமிழ், தேசபக்தி, கைத்தொழில் எல்லாம் சேர்ந்த பள்ளி. காங்கிரஸ் கட்சியின் பணமும் பல சாதிக்காரர்களின் நன்கொடையும் அதில் இருந்தன. அங்கே பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனிப் பந்தி. ஐயரைச் சாதி வெறியர் என்று யாரும் சொல்ல முடியாது. லண்டனில் புரட்சிக்காரர்களோடு இருந்து, நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர். பெற்றோரின் ஆசாரத்துக்கு மதிப்புக் கொடுத்தேன் என்பதுதான் அவர் தரப்பு. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை விடவில்லை. விஷயம் காந்தி வரைக்கும் போனது. எனக்கு இதில் மனதை உறுத்துவது ஒன்றுதான். அவ்வளவு நல்ல மனிதருக்கே, ஆசாரம் என்றதும் கை கட்டிப்போய்விட்டது. ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் மனசு எப்படியிருக்கும் என்பதைவிட, ஒதுக்கியவர்களின் மனசு நோகக் கூடாது என்பது பெரிதாகப் பட்டது. மத ஒழுக்கத்தின் கெடுதல் என்று நான் சொல்வது இதைத்தான். கெட்டவன் கையில் எதுவும் கெட்டுப்போகும், அது வேறு கதை. இது நல்லவன் கையையும் கட்டிப்போடுகிறது.

ஒரு மதத்தை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ராதாபுரம் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய தேவாலயத்தைப் போய்ப் பாருங்கள். கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி, பீடத்திலிருந்து இரண்டாகப் பிரிந்து போகும். ஒரு சாதி ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம், நடுவே தடுப்பு. ஒரே பூசை, ஒரே வேதம். அந்தத் தடுப்பை 1910 வாக்கில் பாதிரியாரே முன்னின்று இடித்தார். அது எங்கள் உரிமை என்று கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள்.

சரி, நன்மையே இல்லையா? இருக்கிறது, அதை மறைத்தால் நான் பொய்யன். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் என்ற கிறிஸ்தவ மிஷனரி 1901 முதல், கோவிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக்கட்ட இருந்த பெண் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்தார். அவருக்குத் தைரியம் கொடுத்தது அவருடைய மதம்தான். அந்தக் குழந்தைகளைக் கோவிலுக்குக் கொடுத்தவர்களும் புண்ணியம் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். அந்த வழக்கத்துக்குச் சட்டம் தடை போட 1947 ஆனது. தெற்கே அய்யா வைகுண்டர், தலைப்பாகை கட்டக் கூடாது என்று ஒடுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகையோடு கும்பிடச் சொன்னார். எல்லோரும் தண்ணீர் எடுக்கப் பொதுக்கிணறு வெட்ட வைத்தார். திருவிதாங்கூர் ராஜா அவரைச் சிறையில் போட்டார். அவரைக் கும்பிடுகிற நம் மாவட்டத்து நிழல்தாங்கல்களில் இன்றும் அந்தத் தலைப்பாகை இருக்கிறது.

ஆக, மதம் மனிதனுக்கு ஒரு உறுதியைக் கொடுக்கிறது. பந்தியைப் பிரிக்கவும் அதே உறுதிதான், கிணற்றைப் பொதுவாக்கவும் அதே உறுதிதான். ஒரு விதியால் அடிபடுகிறவன் எழுந்து ‘ஏன்?’ என்று கேட்க முடிகிற இடத்தில் மத ஒழுக்கம் நன்மை செய்கிறது. கேட்டாலே பாவம் என்கிற இடத்தில் அது ஊரைக் கெடுக்கிறது. கேட்டுப் பார்த்து அலுத்தவர்கள் ஒருநாள் வெளியே போய்விடுவார்கள். 1981 பிப்ரவரியில் தென்காசி பக்கம் மீனாட்சிபுரத்தில் சாதிக் கொடுமை தாங்காத தலித் மக்கள் நூற்றுக்கணக்கானவர்கள் இஸ்லாத்துக்குப் போனார்கள். அதுவரை அந்தத் தெருவை எட்டிப் பார்க்காத தலைவர்களெல்லாம் அதற்குப் பிறகுதான் ஓடி வந்தார்கள்.

மதப் பாடம் கேட்டீர்கள். வைக்கலாம், முத்துப்பட்டன் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்கு நீங்களும் போயிருப்பீர்கள். அங்கே பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை வைக்கிறோமே, எதற்கு? பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டி, அவர்கள் அப்பனுக்காகச் செருப்புத் தைத்து, மாடு காக்கப் போய்ச் செத்த முத்துப்பட்டன்தான் அந்தப் பட்டவராயன். அவனைத் தெய்வமாக்கி வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடியது நம் முன்னோர்தான். பிள்ளைகளுக்கு அந்தச் செருப்பு தெரியும். கதையைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தக் கதை தெரிந்த பெரியவர்களே கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரி எழுதும்போது, சாதி மாறிக் கல்யாணம் கட்டியவன் வீட்டில் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்கிற வரி, வாங்க மாட்டோம் என்கிறார்கள். வரி வாங்கவில்லை என்றால் அவன் ஊரில் இல்லை, சாமிக்கும் ஆகாதவன் என்று அர்த்தம்.

உங்கள் ஊரில் அடுத்த கொடைக்குக் கூட்டம் போடும்போது, அந்த வரி நோட்டை வாங்கிப் பாருங்கள் அண்ணாச்சி. விட்டுப்போன வீடு ஏதாவது இருந்தால், ஏன் என்று சபையில் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன்.