கிட்டார் செய்ய ஆசைப்படும் மகளை என்ன படிக்க வைப்பது?

“அம்மா, பிளஸ் டூ முடித்ததும் கிட்டார் செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறேன்” என்று மகள் சொன்னதிலிருந்து உங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள். அவள் கேட்பதில் பாதி மரவேலை, பாதி இயற்பியல். இரண்டையும் சேர்த்தே பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர்கள் உண்டு. வேல்ஸில் கார்டிஃப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருந்த பெர்னார்ட் ரிச்சர்ட்சன் கிட்டாரின் அதிர்வுகளை ஆராய்ந்தவர், தானே கிட்டாரும் செய்பவர். நம் ஊருக்கும் இது புதிதல்ல. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன் 1920, 1921-ஆம் ஆண்டுகளிலேயே நம் தோல் வாத்தியங்களின் நாதத்தையும் வீணையில் கம்பிகளைத் தாங்கும் குதிரையின் வளைவையும் பற்றிக் கட்டுரைகள் எழுதிவிட்டார்.

இதில் ஆராய என்ன இருக்கிறது என்கிறீர்களா? கிட்டாரின் மேற்பலகை சுமார் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் கனம்தான். அதன் அடியில் மெல்லிய கட்டைகளை ஒட்டியிருப்பார்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 100 அதிர்வில், ஓங்கி அதிரும், பலகை 200-ஐ ஒட்டி. ஒரு கட்டையைக் கொஞ்சம் சீவினால் இந்த எண்கள் நகரும், தொனியும் மாறும். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒன்றுபோல நடந்துகொள்ளாது. பலகைக்கு அடியில் ஸ்பீக்கர் வைத்து, மேலே டீத்தூளைத் தூவி, ஸ்பீக்கரில் ஒலிக்கும் சத்தத்தின் சுருதியை மெல்ல ஏற்றிக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் தூள் துள்ளி, அசையாத கோடுகளில் போய்ச் சேரும். அந்தக் கோடுகளைப் பார்த்து அவளுக்குக் கேள்விகள் எழுந்தால் அவளுக்கு இந்தத் துறை சரி.

படிப்புக்கு என் ஓட்டு பி.இ. மெக்கானிக்கலுக்கு. பி.எஸ்சி. இயற்பியலும் நல்ல வழிதான். ஆனால் கிட்டாரைச் சின்னச் சுத்தியலால் தட்டி, சென்சார் வைத்து அதிர்வை அளக்கும் அதே முறையைத்தான் கார் கம்பெனிகளும் வண்டியின் இரைச்சலைக் குறைக்கப் பயன்படுத்துகின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் தொழிற்சாலைகள் இருப்பது உங்களுக்கே தெரியும். ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும் இந்தத் திறமை சோறு போடும். அப்புறம் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதி ஐஐடி மெட்ராஸ் போன்ற இடங்களில் அதிர்வு, ஒலியியல் பக்கம் மேற்படிப்புக்கு முயலலாம். தேசிய தகுதித் தேர்வான நெட்டில் (NET) ஜேஆர்எஃப் (JRF) என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. வெளிநாடு என்றால் பிரான்ஸில் லெ மான் ஊரைச் சொல்வேன். ஒலியியலில் பெயர்பெற்ற பல்கலைக்கழகமும் இசைக்கருவித் தொழில் கற்றுத்தரும் நிறுவனமும் ஒரே ஊரில் இருக்கின்றன. பிரெஞ்சு மொழியை மட்டும் இப்போதே தொடங்கிவிட வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். கிட்டார் ஆராய்ச்சிக்கென்று பேராசிரியர் வேலை இங்கே விளம்பரத்தில் வராது. அதிர்வியல் ஆசிரியராகச் சேர்ந்து, கிட்டாரைத் தன் ஆய்வுப் பொருளாக்கிக்கொள்ள வேண்டும். கிட்டார் செய்து விற்று மட்டுமே குடும்பம் நடத்துவது கடினம்.

கைவேலைக்குப் பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். லீவு நாட்களில் கிட்டார் ரிப்பேர் செய்பவரிடம் உட்காரட்டும். கம்பியின் நீளம் 650 மில்லிமீட்டர் என்றால் கழுத்தில் பதிக்கும் உலோகக் கம்பிகளில் முதலாவது, அதாவது முதல் ஃபிரெட், தலைப்பக்கத்தில் கம்பி தொடங்கும் இடத்திலிருந்து 36.5 மில்லிமீட்டரில் விழ வேண்டும். இடம் பிசகினால் நல்ல காது கண்டுபிடித்துவிடும். அந்த நிதானம் உளி பிடித்தால்தான் வரும். ரோஸ்வுட் தூள் சிலருக்கு அலர்ஜி தரும், முதல் நாளே நல்ல மாஸ்க் ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.